ஆறு பிள்ளைகள் மட்டுமே உள்ள சபையில் வாலிபர் ஊழியம் எப்படி?

நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒரு சகோதரியின் கடிதத்துக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பாளையங்கோட்டையில் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த சி.எஸ்.ஐ. குடும்பத்தில் வளர்ந்தவர் இவர். கல்லூரிக் காலத்தில் சேகர வாலிபர் சங்கத்தின் செயலாளர். பத்தொன்பது வயதில், சபையார் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையின் கணக்கு முழுவதையும் தானே பார்த்ததைப் பெருமையோடு எழுதுகிறார். கணவர் ஹெச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார், இவர் அவரைச் சார்ந்து வந்த ஹெச்-4 விசாவில். பதினைந்து வயதில் மகள், பதினொரு வயதில் மகன். பக்கத்தில் தமிழ் ஆராதனை இல்லாததால், வீட்டுக்கு அருகிலுள்ள, ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த எபிஸ்கோபல் ஆலயத்துக்குச் சில ஆண்டுகளாகப் போய்வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வந்தால் அதிகம். பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். பதின்வயதினர், இவர் மகளையும் சேர்த்து, ஆறே பேர்.

ரெக்டராக, அதாவது சபைப் பொறுப்பாளராக, இருக்கும் ஆயரம்மா கேட்டுக்கொண்டதால், வெள்ளிக்கிழமை மாலைகளில் தன் வீட்டிலேயே கூட்டம் தொடங்கினார். பாட்டு, விளையாட்டு, வேதபாடம், பீட்சா. இவரும் கணவருமே காரில் போய்ப் பிள்ளைகளை அழைத்துவந்தார்கள். முதல் மாதம் ஆறு பேரும் வந்தார்கள். இப்போது இரண்டு பேர், சில வாரம் ஒருவர். நெடுஞ்சாலையோரத்துப் பெரிய சபையில் இசைக்குழுவும் வண்ண விளக்கும் இருக்கின்றன, இருநூறு பிள்ளைகள் கூடுகிறார்கள் என்று பெற்றோர் சொல்கிறார்கள். நம்மூர் சேகரக் கமிட்டியைப் போலச் சபையை நிர்வகிக்கும் வெஸ்ட்ரியில் ஒரு பெரியவர், "பிள்ளைகள் நாளைய சபை, இன்றைய முடிவுகளை நாம் பார்த்துக்கொள்வோம்" என்று பேச்சை முடித்துவிட்டார். அதே வெஸ்ட்ரி, வாரம் இருபது மணி நேர உழைப்புக்கு மாதம் 500 டாலர் அன்பளிப்பாகத் தர முன்வந்திருக்கிறது. பின்னணிச் சரிபார்ப்பும் பாதுகாப்புப் பயிற்சியும் முடிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. அது இவரைப் புண்படுத்தியிருக்கிறது. மகளோ, "உன் கூட்டத்துக்கு வரமாட்டேன், பேராயர் வரும்போது திடப்படுத்தலும் எடுக்கமாட்டேன்" என்கிறாள். ஞானஸ்நானம் பெற்றவர் தன் விசுவாசத்தைப் பேராயர் முன் தானே அறிக்கையிடும் சடங்குதான் திடப்படுத்தல்.

கடைசிப் பத்தியில் இன்னொரு செய்தி. பிள்ளைகளில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் நள்ளிரவில் வாட்ஸ்அப்பில், "வீட்டில் இருக்கவே முடியவில்லை, இல்லாமலே போய்விட்டால் நன்றாக இருக்கும்" என்று எழுதியிருக்கிறான். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று இவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். "நான் தோற்றுவிட்டேனா? இதை விட்டுவிடட்டுமா?" என்று கேட்டுக் கடிதத்தை முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும். கடிதம் கிடைத்த அன்றே இதைத் தனியாக எழுதிவிட்டேன். பிள்ளைகளோடு பழகும் மற்ற வாசகர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இங்கே மறுபடி சொல்கிறேன்.

முதலில் அந்தப் பையன்

"இல்லாமலே போய்விட்டால்" என்று ஒரு பிள்ளை எழுதினால், அதை இரகசியமாக வைக்க யாருக்கும் உரிமை இல்லை. அவன் உங்களை நம்பி எழுதினான். அந்த நம்பிக்கைக்கு உண்மையாக இருப்பது என்றால் அவனைத் தனியே விடாமல் இருப்பதுதான். அவனிடமே நேராகச் சொல்லுங்கள்: "யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். அந்த வாக்கை என்னால் காப்பாற்ற முடியாது. நீ உயிரோடு பத்திரமாக இருப்பதுதான் எனக்குப் பெரிது. யாரிடம் பேசப்போகிறேன் என்பதை உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் பேசுவேன்." சாக வேண்டும் என்று நினைக்கிறாயா, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா என்று வெளிப்படையாகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் நம்மில் பலருக்கு உண்டு. அப்படி நடப்பதில்லை. கேள்வி வெளிப்படையாக வரும்போது பேச வழி கிடைக்கிறது.

தற்கொலை எண்ணம் வருவோருக்கான உதவி எண் 988-ஐ அவனும் அழைக்கலாம், நீங்களும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள். உடனடி ஆபத்து என்று தோன்றினால் 911. அதே நாளில் ஆயரம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். பெற்றோருக்கும் தெரிய வேண்டும். ஆனால் "வீட்டில் இருக்கவே முடியவில்லை" என்பதற்குக் காரணம் வீட்டிலேயே அடியோ கொடுமையோ என்றால் பெற்றோரிடம் முதலில் போகக்கூடாது. நியூ ஜெர்சியில், பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்று நம்ப நியாயமான காரணம் உள்ள எவரும் மாநிலக் குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் மட்டும் உரிய கடமை என்று நம்மவர்கள் நினைப்பது தவறு. அங்கே எல்லோருக்கும் அது கடமை. எண் 1-877-652-2873. ஆயரம்மாவிடம் சொன்னதோடு உங்கள் பொறுப்பு தீர்ந்துவிடாது. நீங்கள் துப்பறிந்து உறுதிசெய்துகொண்டு போகவும் தேவையில்லை. விசாரிப்பது அந்தத் துறையின் வேலை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவரைச் சட்டம் பாதுகாக்கிறது.

சரிபார்ப்பு உங்கள்மேல் சந்தேகம் அல்ல

"ஊரில் என் குடும்பத்தையே எல்லோருக்கும் தெரியும், இங்கே குற்றவாளியைப் போல விவரம் கேட்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் புரிகிறது. ஆனால் குடும்பத்தைத் தெரியும், மரியாதைப்பட்டவர், ஜெபிக்கிறவர் என்ற நம்பிக்கையின் மறைவில்தான் எத்தனையோ சபைகளில், எத்தனையோ நாடுகளில், பிள்ளைகள் சீரழிக்கப்பட்டார்கள். அதைக் கண்டபிறகுதான் எபிஸ்கோபல் சபை பிள்ளைகள் பாதுகாப்புக்கென மாதிரிக் கொள்கை வகுத்தது. பேராயரின் கீழுள்ள ஒவ்வொரு திருமண்டலமும் தனக்கான விதிகளை வைத்திருக்கிறது. ஆயருக்கும் அதே பயிற்சி, உங்களுக்கும் அதே பயிற்சி. சரிபார்ப்பு கேட்காமல் பிள்ளைகளை உங்களிடம் ஒப்படைத்திருந்தால்தான் நான் அந்தச் சபையைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பேன். உண்மையில் இதைக் கூட்டம் தொடங்கும் முன்பே அவர்கள் செய்திருக்க வேண்டும்.

இப்போது நீங்கள் நடத்தும் முறையில் நான்கு மாற்றங்கள் உடனே தேவை. பிள்ளைகள் கூடும் இடத்தில் ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். கணவனும் மனைவியும் இருந்தால் இந்த விதிப்படி அது போதாது. வீட்டுக் கூட்டத்தை ஆலய மண்டபத்துக்கு மாற்றுங்கள். கதவு திறந்திருக்கட்டும், வந்துபோகிறவர்கள் பார்க்கட்டும். ஒரு பிள்ளையைத் தனியே காரில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். தனி வாட்ஸ்அப் உரையாடலும் வேண்டாம். இன்னொரு பெரியவரும் இருக்கும் குழுவில் பேசுங்கள். பிள்ளை தனியாக எழுதினால் பதில் சொல்லாமல் விடக்கூடாது. பதில் சொல்லிவிட்டு, எழுதியதை அன்றே இன்னொரு பெரியவருக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படி ஒரு முறை இருந்திருந்தால், அந்த நள்ளிரவுச் செய்தியின் பாரத்தை நீங்கள் ஒருவராகவே சுமந்திருக்க மாட்டீர்கள்.

அந்த 500 டாலர்

இதில் வெஸ்ட்ரிக்கு நல்லெண்ணம்தான். ஆனால் உங்களுக்கு ஆபத்து. ஹெச்-4 விசாவில் இருப்பவர், வேலை அனுமதி அட்டையான ஈ.ஏ.டி. இல்லாமல் உழைப்புக்குப் பணம் வாங்கினால் அது அனுமதியில்லாத வேலை. அன்பளிப்பு, காணிக்கை, பரிசு அட்டை என்று எந்தப் பெயரில் கொடுத்தாலும் மாதாமாதம் வேலைக்காக வருவது ஊதியம்தான். ஆலயம் கொடுக்கிற பணத்துக்கு இது பொருந்தாது என்று நினைக்காதீர்கள். பின்னாளில் கிரீன் கார்டு விண்ணப்பத்தின்போது இது குடும்பத்தையே சிக்கலில் மாட்டலாம். கணவரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால் உங்களுக்கு ஈ.ஏ.டி. கேட்க வழி உண்டு. 2015 முதல் அந்த விதி நடைமுறையில் இருக்கிறது. குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்து எழுத்தில் ஆலோசனை பெறுங்கள். அதுவரை ஊதியமில்லாத தொண்டராக மட்டும் இருங்கள். பீட்சாவுக்கும் புத்தகத்துக்கும் செலவழித்த பணத்தை ரசீது கொடுத்துத் திரும்பப் பெறுவதில் தவறில்லை. ஆனால் இன்று இலவசமாகச் செய்யுங்கள், அட்டை வந்ததும் சேர்த்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அட்டை கிடைத்துவிட்டாலும் இந்தத் தொகை நியாயமானதல்ல. வாரம் இருபது மணி நேரம் என்றால் மணிக்கு ஆறு டாலர்கூட வராது; மாநிலத்தின் குறைந்தபட்ச ஊதியத்தில் அது பாதிகூட இல்லை. ஆண்டுக்கு 1,000 மணி நேரமோ அதற்கு மேலோ சம்பளத்துக்கு வேலை செய்யும் சபை ஊழியருக்கு ஓய்வூதியப் பங்களிப்பு செலுத்த வேண்டும் என்பது எபிஸ்கோபல் சபையின் சட்டம். வாரம் இருபது மணி நேரம் அந்த எல்லையைத் தாண்டிவிடும். சிறிய சபைகளில் பொருளாளருக்கே இது தெரியாமல் இருப்பதுண்டு. வாதமாக இல்லாமல் தகவலாக எடுத்துச் சொல்லுங்கள்.

கூட்டம் சுருங்கியது ஏன்

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நெடுஞ்சாலையோரச் சபையோடு உங்களை ஒப்பிடுவதை நிறுத்துங்கள். கொரோனாவுக்குப் பிறகு எபிஸ்கோபல் சபைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஞாயிறு ஆராதனைக்கு ஐம்பது பேர் சேர்வதில்லை. உங்கள் சபை விதிவிலக்கு அல்ல, அதுதான் இயல்பு. இருநூறு பிள்ளைகளைக் கட்டியிழுக்க இசைக்குழு தேவைப்படலாம். ஆறு பிள்ளைகளுக்கு வேண்டியது அவர்கள் பெயரும் பள்ளியும் பரீட்சைத் தேதியும் தெரிந்த பெரியவர்கள். உங்கள் கணக்குப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து பெரியவர்களுக்குக் குறையாமல் அந்த ஆலயத்திலேயே இருக்கிறார்கள். இருநூறு பேர் கூடும் இடத்தில் அப்படி ஒரு விகிதம் கிடைக்கவே கிடைக்காது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அசனக் கணக்கு. பாளையங்கோட்டையில் உங்களை உருவாக்கியது வாலிபர் சங்கத்தின் மாதக் கூட்டமா? நினைத்துப் பாருங்கள். கிறிஸ்துமஸ் கேரல் சுற்றுக்குத் தெருத் தெருவாகப் பட்டியல் போட்டது, வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதப்பள்ளி நாட்களில் சின்னப் பிள்ளைகளைக் கட்டிமேய்த்தது, கொயரில் பெரியவர்கள் நடுவே நின்று பாடியது, நூறு குடும்பங்களுக்குச் சாப்பாடு போடும் அசனத்தின் பணத்தை நம்பி உங்கள் கையில் சபை ஆயர் கொடுத்தது. அரிசிக்கும் ஆட்டுக்கறிக்கும் எவ்வளவு ஆனது என்று பத்தொன்பது வயதுப் பெண் எழுந்து நின்று கமிட்டிக்குக் கணக்குச் சொன்னாள். அன்று உங்களுக்குத் தலைமைத்துவப் பாடம் யாரும் நடத்தவில்லை. வேலையைக் கொடுத்தார்கள்.

நியூ ஜெர்சிக்கு நீங்கள் கொண்டுவந்தது சங்கத்தின் கூட்டத்தை மட்டும். அதைத் தாங்கிநின்ற வேலைகள் இங்கே வரவில்லை. வாரம் முழுவதும் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வரும் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை மாலை இன்னொரு வகுப்பு. விளையாட்டும் பீட்சாவும் அதைச் சிறிது நாள்தான் மறைக்கும். அவர்கள் வராமல் போனதை உங்கள் தோல்வி என்று நான் எண்ணவில்லை. அவர்கள் இல்லாவிட்டாலும் அந்த ஆலயத்தில் எதுவும் நின்றுபோகாது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதை மாற்றுவதுதான் வாலிபர் ஊழியம் என்று நான் கருதுகிறேன்.

பொறுப்பை எங்கே தொடங்குவது

ஞாயிறு ஆராதனையிலிருந்தே தொடங்குங்கள். எபிஸ்கோபல் சபையின் 1979ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம் நற்கருணை ஆராதனையின் மன்றாட்டு ஜெபத்துக்கு ஆறு பொருள்களைக் குறிப்பிடுகிறது: உலகளாவிய திருச்சபை, நாடும் அதை ஆளுகிறவர்களும், உலகத்தின் நலம், உள்ளூரின் கவலைகள், துன்பப்படுகிறவர்கள், மரித்தவர்கள். அச்சிட்ட வடிவங்கள் இருந்தாலும் சபையே தன் வார்த்தைகளில் எழுதிக்கொள்ள அந்தப் புத்தகம் இடம் தருகிறது. ஆறு பொருள்கள், உங்களிடம் ஆறு பிள்ளைகள். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்களே எழுதி அவர்களே ஜெபிக்கட்டும். முந்தின புதன்கிழமை ஆயரம்மாவும் நீங்களும் இன்னொரு பெரியவரும் அவர்களோடு உட்கார்ந்து, நம் ஊரில் யார் வாடகை கட்ட முடியாமல் இருக்கிறார்கள், உங்கள் பள்ளியில் யார் துன்பப்படுகிறார்கள் என்று கேளுங்கள். வேதபாடம் அங்கேயே நடந்துவிடும். முதல் தடவை தடுமாறுவார்கள். பெரியவர்கள் யாரும் பக்கத்தில் போய்த் திருத்த வேண்டாம்.

ஆராதனையில் வேதபாடம் வாசிக்கவோ, சிலுவையும் மெழுகுவர்த்தியும் ஏந்திச் செல்லும் அகோலைட் பணிக்கோ பேராயரின் உரிமம் தேவையில்லை. ஆயரம்மா நியமித்தாலே போதும். அகோலைட் பணியில் உங்கள் மகனைப் போன்ற சிறுவர்களுக்கு மூத்த பிள்ளைகளே பயிற்சி கொடுக்கட்டும். சபைக்கு உணவு வங்கிப் பணி இருந்தால் அதன் இருப்புக் கணக்கை ஒரு பிள்ளையிடமும், அனுபவமுள்ள ஒரு பெரியவரிடமும் சேர்த்துக் கொடுங்கள். வெஸ்ட்ரி தருவதாகச் சொன்ன தொகையில் ஒரு பகுதியை வரவுசெலவுத் திட்டத்தில் பிள்ளைகளின் முடிவுக்கென்று ஒதுக்கச் சொல்லலாம். தொகை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் முடிவு உண்மையிலேயே அவர்களுடையதாக இருக்க வேண்டும். எதற்குச் செலவழித்தோம், ஏன் என்று ஆண்டுக் கூட்டத்தில் அவர்களே எழுந்து கணக்குச் சொல்லட்டும்.

இதில் ஓர் எச்சரிக்கை. நாற்காலி அடுக்கவும் பாத்திரம் கழுவவும் மட்டும் பிள்ளைகளைக் கூப்பிட்டுவிட்டு, அதைப் பொறுப்பு என்று பெயரிடும் சபைகளைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் ஒரே மாதத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பெரியவர்களும் அதே வேலையைச் சேர்ந்து செய்தால் மட்டுமே அது பொறுப்பு.

நாளைய சபை என்ற பெரியவருக்கு

அந்தப் பெரியவரோடு சண்டை வேண்டாம். சபைச் சட்டத்தை அமைதியாக எடுத்துக் காட்டுங்கள். பதினாறு வயது நிறைந்த உறுப்பினர் அனைவரும் வயதுவந்த உறுப்பினராகக் கருதப்படுவர் என்று எபிஸ்கோபல் சபையின் சட்டம் சொல்கிறது. உங்கள் பதினேழு வயதுப் பையன் நாளைய சபை அல்ல. இன்றே வயதுவந்த உறுப்பினன். ஆண்டுக் கூட்டத்தில் வாக்களிப்பதும் வெஸ்ட்ரிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவதும் திருமண்டல விதியையும் மாநிலச் சட்டத்தையும் பொறுத்தவை. நீங்களாக முடிவு செய்யாமல் திருமண்டல அலுவலகத்தில் கேளுங்கள். வாக்கு இல்லாத இடங்களிலும் இளைஞர் பிரதிநிதிகளுக்கு இருக்கையும் பேச்சுரிமையும் கொடுக்கும் வெஸ்ட்ரிகள் உண்டு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூடும் பொது மாநாட்டிலேயே, சபையின் ஒன்பது மாகாணங்களிலிருந்தும் மாகாணத்துக்கு இருவர் என்று பதினெட்டு இளைஞர்கள் வரை, பிரதிநிதிகள் அவையில் வாக்கில்லாமல் ஆனால் பேச்சுரிமையோடு அமர்கிறார்கள். தேசிய அளவில் கொடுக்கப்படும் இருக்கையை நாற்பது பேர் கொண்ட சபை மறுக்கத் தேவையில்லை.

வெஸ்ட்ரிக்கு அனுப்பினால் இருவரை அனுப்புங்கள். ஒருவர் மட்டும் என்றால் வாய் திறக்கமாட்டார். பள்ளி நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள். நிகழ்ச்சி நிரலை முந்தின நாளே அவர்களுக்கு விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும். பிள்ளைகள் சொல்வதைக் கேட்டபிறகு வெஸ்ட்ரி தன் முடிவை ஒருமுறையாவது மாற்றிக்கொள்ளத் தயாராக இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தயாராக இல்லை என்றால் பிள்ளைகளை அங்கே உட்காரவைப்பது அவர்களை அவமதிப்பது.

ஆறு பேர் மட்டும் என்ற தனிமையும் உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. தங்கள் வயதினர் பலரோடு சேர்ந்து ஜெபிக்கும் அனுபவம் அவர்களுக்கு வேண்டும். பக்கத்து ஊர்களின் இரண்டு மூன்று எபிஸ்கோபல் சபைகளோடு சேர்ந்து மாதம் ஒருமுறை கூடுங்கள்; உங்களைப் போலவே அங்கும் நாலைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவர் தவித்துக்கொண்டிருப்பார். பல திருமண்டலங்களில் ஹாப்பனிங் என்ற வார இறுதித் தியான முகாம் நடக்கிறது. பெரியவர்கள் பக்கத்துணையாக இருக்க, பதின்வயதினரே பதின்வயதினருக்காக நடத்துவது. 1982 முதல் நடந்துவரும் எபிஸ்கோபல் யூத் ஈவென்ட் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கானது. நாடெங்கும் இருந்து வருவார்கள். எந்தச் சந்திப்புக்கு அனுப்பினாலும், திரும்பி வந்தபின் ஞாயிறு ஆராதனையில் பேச அவர்களுக்கு நேரம் கொடுங்கள். அது இல்லாவிட்டால் முகாம் ஒரு சுற்றுலாவாக முடிந்துவிடும்.

என்ன கற்பிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். ஞானஸ்நானத்தின்போது கேட்கப்படும் ஞானஸ்நான உடன்படிக்கையின் ஐந்து கேள்விகள் ஓராண்டுக்குப் போதும். எல்லா மனிதருக்கும் நீதியும் சமாதானமும் கிடைக்கப் பாடுபடுவாயா, ஒவ்வொரு மனிதரின் மாண்பையும் மதிப்பாயா என்ற ஐந்தாவது கேள்வி வரும்போது ஜோனத்தன் டேனியல்ஸின் கதையைச் சொல்லுங்கள். இருபத்தாறு வயது எபிஸ்கோபல் குருமாணவர். 1965 ஆகஸ்ட் 20 அன்று அலபாமாவின் ஹெய்ன்வில்லில், ரூபி சேல்ஸ் என்ற பதினேழு வயதுக் கறுப்பினப் பெண்ணை நோக்கித் துப்பாக்கி நீண்டபோது அவளைத் தள்ளிவிட்டுக் குண்டைத் தான் வாங்கி மாண்டார். ஆகஸ்ட் 14 அவருடைய நினைவு நாள். ஹெய்ன்வில்லுக்கு ஆண்டுதோறும் யாத்திரை நடக்கிறது. ரூபி சேல்ஸ் பிறகு, டேனியல்ஸ் படித்த அதே இறையியல் கல்லூரியில் படித்தார். பதினேழு வயதில் அவர் கறுப்பினத்தவரின் வாக்குரிமைப் போராட்டத்தில் நின்றார் என்பதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பகுதிதான் நெருக்கமானது.

உங்கள் மகள்

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. திடப்படுத்தல் எடுத்தால்தான் முழு உறுப்பினர், அதற்குப் பிறகுதான் இராப்போஜனம் என்ற ஊர் வழக்கத்தை வைத்து நீங்கள் யோசிக்கிறீர்கள். எபிஸ்கோபல் ஜெபப் புத்தகத்தின்படி ஞானஸ்நானமே திருச்சபைக்குள் முழுமையாகச் சேர்க்கப்படும் சடங்கு. உங்கள் மகன் பதினொரு வயதிலேயே நற்கருணை பெறலாம். திடப்படுத்தலுக்கு வயது வரம்பு கிடையாது. ஆயத்தமானபோது, தகுந்த பயிற்சிக்குப் பின், தன் விசுவாசத்தை முதிர்ச்சியோடு வெளிப்படையாக அறிக்கையிடுவதற்கானது அது. "நான் ஆயத்தமாக இல்லை" என்று ஒரு பெண் சொன்னால், அந்தச் சடங்கைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். மற்ற பிள்ளைகள் எடுக்கிறார்களே, ஊரில் பாட்டிக்கு என்ன சொல்வது என்ற கவலையை அவள் தோளில் ஏற்றாதீர்கள். பேராயர் மறுபடியும் வருவார்.

அவள் வெறுப்பது விசுவாசத்தையா, அல்லது அம்மாவே ஆசிரியையாக நிற்பதையா என்று பிரித்துப் பாருங்கள். "உன் கூட்டம்" என்றுதான் சொல்லியிருக்கிறாள். பதினைந்து வயதில், தன் நண்பர்கள் மனம் திறக்கும் இடத்தில் தன் தாய் உட்கார்ந்திருப்பது எளிதல்ல. மன்றாட்டு எழுதும் வேலையில் அவளுக்கு வேறொரு பெரியவரைத் துணையாக அமைத்துவிட்டு நீங்கள் விலகியிருங்கள். கேள்வியும் சந்தேகமும் இருந்தால் ஆயரம்மாவிடம் பேசட்டும். என்ன பேசினாள் என்று நீங்கள் கேட்கக்கூடாது.

இதனால் உங்கள் செல்வாக்கு குறைந்துவிடும் என்று பயப்படாதீர்கள். சமூகவியலாளர் கிறிஸ்டியன் ஸ்மித் தலைமையில் 2000களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பதின்வயதினரின் சமய வாழ்வைப் பற்றி நாடளாவிய ஆய்வு நடந்தது. பிள்ளைகளின் விசுவாசத்தை மற்ற எதையும் விடப் பெற்றோரின் விசுவாசமே உருவாக்குகிறது என்பது அதன் முக்கிய முடிவுகளில் ஒன்று. வீட்டில் நீங்கள் ஜெபிக்கும் விதம், சாப்பாட்டு மேசையில் மற்றவர்களைப் பற்றிப் பேசும் விதம், இவற்றையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். மற்ற ஐந்து பிள்ளைகளின் பெற்றோருக்கும் இதைச் சொல்ல வேண்டும். பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுப் போகிற பெற்றோருக்கு எந்தச் சபையின் வாலிபர் கூட்டமும் ஈடு செய்ய முடியாது.

விட்டுவிடட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம்; ஆனால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். வருகிற அந்த இரண்டு பிள்ளைகளிடமும் காரணத்தை விளக்கிச் சொல்லுங்கள், அவர்களைக் கைவிடுவதாக நினைத்துவிடக்கூடாது. பாதுகாப்புப் பயிற்சியை முடியுங்கள். பிறகு ஆயரம்மாவிடம் நேரம் கேட்டு நான்கு விஷயங்களை எழுதிக் கொடுங்கள்: உங்கள் குடும்பத்தைச் சாராத இன்னொரு பெரியவரை இந்த ஊழியத்துக்கு நியமிப்பது, மாதம் ஒரு ஞாயிறு மன்றாட்டு, பிள்ளைகளின் முடிவுக்கென ஒரு தொகை, வெஸ்ட்ரியில் இரண்டு இருக்கைகள். பின்னிரண்டும் நிறைவேறச் சில மாதம் ஆகலாம், பொறுத்திருங்கள். முதலாவது மட்டும் பொறுக்க முடியாதது. இரண்டாவது பெரியவரைத் தர சபை முன்வராவிட்டால், அது நடக்கும்வரை நீங்கள் பிள்ளைகளை வைத்து எதுவும் நடத்தக்கூடாது. அதை ஆயரம்மாவிடம் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.